தரவு சொல்லாததை நாம் சொல்லலாமா?
புள்ளியியல் மேதை சி.ஆர். ராவும் நம் பெங்களூரும்

நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் டேட்டா சயின்ஸ் படிக்கும் நண்பர் மகள் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அங்கிள், எங்க பாடத்துல பாதிக்குப் பாதி ராவ் பேருதான் வருது. அவரு தமிழரா, கன்னடக்காரரா?" பக்கத்து இலைப் பெரியவர், "ராவ்னு முடியுதே, கன்னடமாத்தான் இருக்கும்" என்றார். எதிர் வரிசையிலிருந்து ஒருவர், "இல்லை சார், சுத்தத் தெலுங்கு" என்றார். பாயசம் வருவதற்குள் ஒரு சின்ன மாநில மறுசீரமைப்பே நடந்து முடிந்துவிட்டது!

அன்று நான் அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், அந்தப் பதிலையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருஷம் எண்களோடு மல்லுக்கட்டியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் ராவ் அவர்களுக்கு நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பூக்கப்பலில் பிறந்தவர்

கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ் 1920 செப்டம்பர் 10ஆம் நாள் ஹூவின ஹடகலியில் பிறந்தார். கன்னடத்தில் ஹூவு என்றால் பூ, ஹடகு என்றால் கப்பல். மல்லிகைக்குப் பேர் போன ஊர். இன்று அது கர்நாடகத்தின் விஜயநகர மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அது சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டம். 1953ல்தான் அந்தப் பகுதி மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டு மொழி தெலுங்கு. ஆகவே பந்தியில் சண்டை போட்ட இருவருமே பாதி சரி!

அப்பா காவல் துறை ஆய்வாளர். அடிக்கடி மாற்றல். பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்ததால் கிருஷ்ணர் பெயரை வைத்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா லட்சுமிகாந்தம்மா எழுப்பிவிட்டு, விளக்கேற்றி வைத்துப் படிக்க உட்கார வைப்பாராம். பின்னாளில் ராவ் தம் நூல் ஒன்றை அந்த அம்மாவுக்கே காணிக்கை ஆக்கினார்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்த பிறகு, போர்க்கால வேலை ஒன்றுக்கான நேர்காணலுக்குக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே சந்தித்த தென்னாட்டு இளைஞர் ஒருவர், தாம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்திருப்பதாகச் சொன்னார். மகலனோபிஸ் 1931ல் தொடங்கிய நிறுவனம் அது. 1941 ஜனவரி 1 அன்று ராவ் அதில் சேர்ந்தார். பிழைப்புத் தேடிப் போன ஊரில் தற்செயலாகக் கிடைத்த ஒரு அறிமுகம் வாழ்க்கையையே திருப்பிவிடுவது நம்மில் பல பேருக்கு நடந்ததுதானே!

வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

கல்கத்தாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தாண்டேகர் என்ற மாணவர் ஒரு கேள்வி கேட்டார். "மாதிரி மிகப் பெரியதாக இருந்தால் மதிப்பீட்டின் துல்லியத்துக்கு ஒரு எல்லை உண்டு என்கிறீர்கள். மாதிரி சிறியதாக இருந்தால்?" ராவ் இரவெல்லாம் உட்கார்ந்து அதற்கு விடை கண்டார். 1945ல் கல்கத்தா கணிதவியல் கழக இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் இன்று உலகமெங்கும் கிராமர்-ராவ் எல்லை என்றும், ராவ்-பிளாக்வெல் தேற்றம் என்றும் கற்பிக்கப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 25 கூட நிரம்பவில்லை. 1946ல் கேம்பிரிட்ஜ் போய், சூடானில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புக்கூடுகளின் அளவுகளை ஆராய்ந்தார். ரொனால்ட் ஃபிஷரின் வழிகாட்டலில் 1948ல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

உப்பு சொன்ன உண்மை

தரவை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ராவ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். 1947 கலவரத்தில் தில்லி செங்கோட்டைக்குள் அகதிகள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அரசாங்கத்திடம் இருந்ததெல்லாம், சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த பில்தான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பது முந்தைய ஆய்வுகளால் தெரியும். அரிசிக் கணக்குப்படி ஆட்கள் மிக அதிகம். உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு. எதை நம்புவது? உப்பைத்தான்! உப்பு மலிவு. அதில் பொய்க் கணக்கு எழுதி யாருக்கு என்ன லாபம்? ஆட்தொகை தெரிந்திருந்த ஹுமாயூன் கல்லறை முகாமில் இதே முறையைச் சரிபார்த்தார்கள், ஒத்துப்போனது. ராவின் சக ஆய்வாளர் சென்குப்தாவின் யோசனை இது. எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால், அந்த எண் யார் கையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

தொடர்புப் போக்கும் ஒரு டிபன் பில்லும்

ரிக்ரெஷன் என்பதை நம் பாடநூல்கள் தொடர்புப் போக்கு என்கின்றன. 1886ல் இங்கிலாந்தில் கால்ட்டன், 205 பெற்றோர் இணைகள், அவர்களுடைய வளர்ந்த 928 பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டார். நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றுத் திரும்புவதைக் கண்டார். அந்தத் திரும்பலுக்கு வைத்த பெயர்தான் ரிக்ரெஷன். இன்று, பல காரணங்களில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் முறை முழுவதற்கும் அதே பெயர்.

ஆனால் சில சமயம் பிரிக்கவே முடியாது. நம் ஊர் தர்ஷினியில் ஒருவர் தினமும் ஒரு மசால் தோசை, ஒரு காபி சாப்பிடுகிறார். பில் 100 ரூபாய். நண்பரோடு வந்து இரண்டு தோசை, இரண்டு காபி சாப்பிட்டால் 200 ரூபாய். இந்தப் பில்களை ஒரு வருஷம் சேர்த்து வைத்தாலும் காபி மட்டும் எவ்வளவு என்று சொல்ல முடியாது. 20 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து 100 என்பது மட்டும் நிச்சயம். கணித மொழியில் சொன்னால், அந்த அணிக்கு நேர்மாறு கிடையாது.

1954 வாக்கில் ராவ் கைக்கு வந்தது இப்படிப்பட்ட சிக்கல்தான். ஆனால் விஷயம் தோசை அல்ல. ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுக் கதிர்வீச்சு மனிதர்கள் மீது ஏற்படுத்திய நீண்டகால விளைவுகள் பற்றி ஜப்பானில் திரட்டிய தரவுகள். பிரிவுக்குப் பிரிவு ஆட்களின் எண்ணிக்கை சமமாக இல்லை. தீர்க்க வேண்டிய சமன்பாடுகளின் அணிக்கு நேர்மாறு இல்லை. வேறொருவராக இருந்தால் ஒரு காரணியைத் தூக்கி எறிந்துவிட்டு விடை சொல்லியிருப்பார். ராவ் அப்படிச் செய்யாமல், நேர்மாறு இல்லாத அணிக்கும் பயன்படக்கூடிய ஒரு பொதுமை நேர்மாறை 1955ல் உருவாக்கினார். இத்தகைய நேர்மாறுகள் பல இருக்கலாம். எதை எடுத்தாலும், தரவால் பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு ஒரே பதில்தான் வரும். பதில் மாறி மாறி வந்தால், அந்தக் கேள்விக்கு அந்தத் தரவில் விடை இல்லை என்று பொருள். சுஜித் குமார் மித்ராவோடு சேர்ந்து 1971ல் இதைத் தனி நூலாகவே எழுதினார்.

என் கடன்

இனி என் கதைக்கு வருகிறேன். 1982ல் பெங்களூரில் நான் வேலை பார்த்த இடத்தில், இரவு ஷிப்டில் ரிஜெக்ஷன் அதிகம் என்று புகார். காரணம் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு வந்தது. பகலில் புது லேத்துகள் ஓடும். இரவில் இரண்டு பழைய லேத்துகள் மட்டும் ஓடும். ஷிப்ட் ஒரு காரணி, மெஷின் ஒரு காரணி என்று எழுதிக் கணக்குப் போட்டேன். கால்குலேட்டர் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன்? மெஷின் என்ற கலத்தை அடித்துவிட்டேன். கணக்கு அழகாக வந்தது. 'காரணம் இரவு ஷிப்ட்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று பேருக்கு இன்க்ரிமென்ட் நின்றது. மூவரில் ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்; நம்ம ஆள். "சார், மெஷின் பேச்சே உங்க பேப்பர்ல இல்லையே" என்றார். "கணக்கு அப்படித்தான் வருதுப்பா" என்றேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில், ராவின் முறையை ஆசிரியர் கரும்பலகையில் விளக்கினார். எனக்கு வியர்த்துவிட்டது. ஷிப்டும் மெஷினும் எனக்குத் தோசையும் காபியும்! அடுத்த வாரமே மேலாளரிடம் போய், பழைய லேத்துகளை ஒரு வாரம் பகலில் ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். ரிஜெக்ஷன் மெஷின் பின்னாலேயே பகலுக்கு வந்தது. இரண்டு பேருக்கு இன்க்ரிமென்ட் திரும்பக் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்காரர் அதற்குள் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

ராவின் மாணவர்கள்

ராவ் நாற்பதாண்டு காலம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு, பிறகு அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்களில் நமக்குப் பெருமை தரும் பெயர்கள் உண்டு. 2007ல் ஏபெல் பரிசு பெற்ற சென்னைக்காரர் எஸ்.ஆர். சீனிவாச வரதன், சென்னையில் பிறந்த கே.ஆர். பார்த்தசாரதி, நம் பெங்களூரிலேயே பிறந்த வி.எஸ். வரதராஜன். இவர்கள் மூவரும் கல்கத்தாவில், ஹடகலியில் பிறந்த தெலுங்கரிடம் பாடம் கேட்டவர்கள். அந்த நிறுவனத்தின் பெங்களூரு மையம் 1978 முதல் இயங்குகிறது. மைசூர் ரோட்டில் போகும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

1968ல் பத்ம பூஷண், 2001ல் பத்ம விபூஷண், 2023ல் சர்வதேசப் புள்ளியியல் பரிசு. 1945ல் எழுதிய கட்டுரைக்கும் சேர்த்து 102ஆம் வயதில் வந்த பரிசு அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்காவில் காலமானார்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு என் பதில். அம்மா, அவர் தமிழர் இல்லை. ஆனால் நாம் இன்று மூன்று மாநிலமாகப் பிரித்துப் பார்க்கும் இடம் அவருக்கு ஒரே மாகாணமாக இருந்தது. ஊர், மொழி, படிப்பு இவற்றில் எது எவ்வளவு அவரை ஆக்கியது என்று பிரிக்கப் பார்த்தால், அதுவும் தோசை காபி பில் மாதிரிதான். இன்னொன்று. இன்று நீ ஒரே ஒரு வரி எழுதினால் கம்ப்யூட்டர் ரிக்ரெஷன் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நேர்மாறு இல்லாத இடத்தில் சில மென்பொருள்கள் ஒரு கலத்தை அதுவாகவே விட்டுவிட்டு மற்றதற்கு எண் கொடுத்துவிடும். 1982ல் நான் கையால் செய்த தவறு அது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார். விடுபட்ட கலத்தில் யாரோ ஒருவருடைய சம்பளம் இருக்கலாம்.