கத்தி தெற்கே, மருந்து வடக்கே: எல்லைக் கிராமங்களின் புற்றுநோய் வரலாறு

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்த அந்தக் கோடு பெரும்பாலும் மொழி வரலாறாகவே எழுதப்படுகிறது. அதற்கு ஒரு மருத்துவ வரலாறும் உண்டு.

தென் திருவிதாங்கூரில் அறுவைச் சிகிச்சை என்றால் நெய்யூர். லண்டன் மிஷன் அங்கு 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்டு சோமர்வெல், வயிற்றுப்புண் அறுவையில் அங்கு பெயர் பெற்றார். வெற்றிலை மெல்லும் வழக்கத்தையும் வாய்ப்புற்றையும் இணைத்து ஐ. எம். ஓர் எழுதிய ஆய்வு, 1933இல் நெய்யூரிலிருந்தே ‘லான்செட்’ இதழுக்குச் சென்றது. அக்காலத்தில் புற்றுக்கு எதிரான முதன்மைக் கருவிகள் கத்தியும் கதிர்வீச்சுமே. கட்டியை அகற்றிய பின், கண்ணுக்குத் தெரியாமல் உடலில் எஞ்சும் அணுக்களை அழிக்க மருந்து இல்லை.

எல்லை வகுக்கப்பட்ட மறு ஆண்டு, 1957இல், அமெரிக்காவில் சார்லஸ் ஹைடல்பெர்கரின் குழு ஃபுளோரோயுராசில் மருந்தை அறிவித்தது. அதனோடு லெவாமிசோலைச் சேர்த்து அறுவைக்குப் பின் கொடுத்தால், நிணநீர்க் கணுக்களை எட்டிய பெருங்குடற்புற்றில் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 1990இல் ஓர் ஆய்வு காட்டியது. 2004இல் ஆக்சாலிப்ளாட்டின் சேர்ந்தது. குடல்வால் புற்று போன்ற அரிய நோய்களுக்குப் பெரிய ஆய்வு நடத்தும் அளவுக்கு நோயாளிகள் கிடைப்பதில்லை. ஆகவே மருத்துவர்கள் பெருங்குடற்புற்றின் முடிவுகளையே பெரிதும் கடன் வாங்குகின்றனர்.

இங்கேதான் தூரம் சிகிச்சையின் பகுதியாகிறது. அறுவைக்கு ஒருமுறை சென்று படுத்தால் போதும். ஆக்சாலிப்ளாட்டின் சேர்ந்த கீமோதெரபியோ இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம், பன்னிரண்டு சுற்று என்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இடையில் வெள்ளணுக்கள் குறைந்தால் நாள் தள்ளிப்போகும். மீண்டும் இரத்தப் பரிசோதனை, மீண்டும் பயணம், உடன் வருபவருக்கும் ஒருநாள் கூலி இழப்பு.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு 1979இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1981இல் அந்நகரில் மண்டலப் புற்றுநோய் மையம், மக்கள் வழக்கில் ‘ஆர்.சி.சி.’, நிறுவப்பட்டது. தெற்கே நெய்யூரை நோக்கியிருந்த கிராமங்களுக்கு வடக்கே ஒரு வழி திறந்தது. எந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பதோடு, பன்னிரண்டாம் சுற்றுவரை யாரால் போய்வர முடிந்தது என்பதும் புற்றுநோய் வரலாற்றின் கேள்வியே. அதற்கான விடையை மருத்துவ இதழ்களோடு ரயில் கால அட்டவணையிலும் தேட வேண்டியிருக்கிறது.