சவுக்குத் தோப்பும் அதன் உரமும்

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ஏரிப்பாசனம் எட்டிய வயல்களெல்லாம் நெல்லுக்கும் கரும்புக்கும் உரியனவாக, நீர் எட்டாத மணற்பாங்கான மேட்டு நிலங்களுக்கு வாழ்வளித்த விருட்சம் சவுக்கேயாகும். தோற்றத்தால் பைன் மரத்தின் இனமோ என மயக்குகிற இம்மரம், ஆஸ்திரேலியாவையும் தென்கிழக்காசியாவையும் ஜன்மபூமியாகக் கொண்டது; ரயில் எஞ்சின்கள் விறகு தின்ற பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை நெடுகப் பரவியது.

பைன் காடுகளுக்கு அந்நிய தேசங்களில் மூட்டை மூட்டையாக இடப்படும் தழைச்சத்தைச் சவுக்கு பெரும்பாலும் தானே சம்பாதித்துக்கொள்கிறது. அதன் வேர்முடிச்சுகளில் வாசம் செய்யும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்து மரத்துக்கு ஊட்டுகிறது. இவ்வினத்து உயிரொன்றை விஞ்ஞானிகள் முதன்முதலாகத் தனியே பிரித்து வளர்த்தது 1978-இல்தான். அதுவும் வேறொரு செடியின் வேரிலிருந்து. பழைய தோப்பின் மண்ணை அள்ளி நாற்றங்காலில் கலக்கும் வழக்கத்தின் சூட்சுமமும் இந்த உயிரே. என் மனத்தை மிகவும் கவர்ந்த வழக்கம் இது.

ஆனால் முடிச்சுகள் செழிக்க மணிச்சத்து அவசியம்; ஆகவே சூப்பர் பாஸ்பேட் பயன் தரும். யூரியாவை மிகுதியாகக் கொட்டினாலோ முடிச்சுகளே குன்றிவிடும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயல் இவ்வட்டாரத்துத் தோப்புகளைச் சாய்த்தது. மீண்டும் நடுவோருக்கு ஒரு விண்ணப்பம்: உதிர்ந்த சருகை அடுப்புக்கென முற்றும் வாரிவிடாமல், மண்ணுக்கும் சிறிது விட்டுவையுங்கள்.