மாதவியின் பாட்டும் கண்ணகியின் வழக்கும்

கோவலன் மாதவியிடம் மயங்கியதற்கு அவளது ஆடலும் அழகும் மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. அவள் பதில் சொல்லத் தெரிந்தவள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், சோழன் கங்கையைக் கூடினாலும் காவிரி ஊடமாட்டாள் என்று அவன் பாடுகிறான். யாழை வாங்கி, கணவனின் செங்கோல் வளையாததால்தான் காவிரி அப்படி நடக்கிறாள் என்று அவள் திருப்பிப் பாடுகிறாள். எத்தனை கூர்மை! அதைத் தாங்காமல்தான் அவன் பிரிந்தான் என்பது அவன் குறை.

மனையறம் படுத்த காதையில் இப்படியொரு எதிர்ப்பாட்டு இல்லை. கோவலன் அடுக்கடுக்காகப் புகழ்கிறான். கண்ணகி வாய் திறக்கவில்லை. மணமானபோது அவளுக்கு வயது 12. புகாரில் இருவரையும் அருகருகே நிறுத்தினால் நம் மனம் மாதவி பக்கமே சாயும்.

ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரையும் கண்ணகிக்கே கோயில் எடுத்தன. எழுவான்கரையில் செட்டிபாளையம், படுவான்கரையில் மகிழடித்தீவு, தெற்கே காரைதீவு, தம்பிலுவில். இது அடக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. வைகாசிச் சடங்கில் படிக்கும் ‘கண்ணகி வழக்குரை’யை வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். அரசனோடு வாதாடியவளின் கதை அது. முடிவில் குளிர்த்தி பாடி அவள் சினத்தை ஆற்றுகிறார்கள். வாய் பேசாப் பெண்ணுக்குக் குளிர்த்தி எதற்கு?

இளங்கோவின் மதுரைக் காட்சியைப் பாருங்கள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களது முத்து என்கிறான் பாண்டியன். உடைக்கிறாள்; மாணிக்கம் தெறிக்கிறது. எதிராளியின் வாயாலேயே தீர்ப்பை வாங்கும் இந்தச் சாதுரியம் மாதவியின் யாழில் கேட்டதுதான். இங்கே விளையாட்டு இல்லை, அவ்வளவே.

ஆகவே பேசாதிருப்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். கண்ணகி முதன்முதல் மனம் திறப்பது தோழி தேவந்தியிடம். தன் கனவைச் சொல்கிறாள்; கணவனை மீட்கக் குளத்தில் நீராடச் சொன்னதற்கு, அது பெருமையன்று என ஒரே சொல்லில் மறுக்கிறாள். கோவலன் புகழ்ந்தானே தவிர, அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

மட்டக்களப்பில் கண்ணகி பேரால் நடந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் கொம்பை மாட்டி இழுக்கும். ஒருவரையொருவர் கேலியும் வசையுமாகப் பாடும். அதைக் கேட்டு அம்மன் குளிர்வாள் என்பது ஊராரின் நம்பிக்கை. மாதவியின் குறும்பு கண்ணகி வாசலிலேயே இடம்பிடித்துவிட்டது.