டிவி வந்தது, செட் கட்டினோம்

எங்கள் பக்கத்தில் டிவியை யாரும் தேர்ந்தெடுத்து வாங்கியதாக எனக்கு நினைவில்லை. அதுவாக வரும். துபாயிலிருந்து வரும், பெண் வீட்டுச் சீரோடு வரும், சிமென்ட் ஆலை போனஸில் வரும். பிற்பாடு ரேஷன் கார்டுக்கும் வந்தது. பாட்டுக் கேட்கிற செட் அப்படியில்லை. எந்த ஐசி, எத்தனை இஞ்ச் ஸ்பீக்கர், பெட்டிக்கு என்ன பலகை என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசித்தான் ஒவ்வொருவரும் கட்டிக்கொண்டு போனார்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவன் நான். வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இந்த இரண்டு பொருளுக்கும் வரலாறு வேறு வேறு என்பது என் கட்சி.

முதலில் பழகியது காதுதான். திருச்சி வானொலி 1939 மே 16இல் தொடங்கியது. பஞ்சாயத்து ஆபீசில் ஒரு ரேடியோ, வெளியே ஒரு குழாய். சாயங்காலம் ஊரே அதன் கீழே உட்காரும். அறுபதுகளில் அந்த வானொலி ஏடிடீ 27 நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்களுடையது சோளமும் பருத்தியும் விளைகிற வானம் பார்த்த பூமி. நெல் அதிகம் இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் இங்கேயும் தெரியும். அப்புறம் மைக் செட் வந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் கொடை எதுவானாலும் வேப்பமரத்தில் குழாய் கட்டினால்தான் விசேஷம். பக்கத்து ஊருக்குக் கேட்டால் நல்ல செட், கேட்காவிட்டால் வாடகையில் பிடித்தம். சத்தத்தை எடைபோடுகிற பழக்கம் எங்களுக்கு அங்கேதான் வந்தது.

டிவிக்கு இப்படி ஒரு பழக்கம் வர வழியே இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோது, ஏறக்குறைய 270 கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்களுக்கு அது பத்திரிகைச் செய்தி, அவ்வளவுதான். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது. அந்த நாட்டின் மிக உயரமான பிதுருதலகால மலைமேல் கோபுரம் என்பதால் கடலோர ஊர்களில் நன்றாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் சில இரவுகளில் மட்டும் பூச்சி பறக்கிற மாதிரி ஏதோ தெரியும். 1984 வாக்கில் நாடெங்கும் சின்னச் சின்ன நிலையங்களை மளமளவென்று திறந்தார்கள். அவற்றின் எல்லை இருபது, முப்பது கிலோமீட்டர். வந்ததும் டெல்லி நிகழ்ச்சி, இந்தியில். தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான். அதைப் பிடிக்க இரும்புக் குழாயை மூன்று துண்டாக இணைத்து, நாலு பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் ஏற்ற வேண்டும். அந்தக் குழாய்க்கும் கம்பிக்கும் ஆகிற செலவைக் கேட்டுவிட்டே பாதிப் பேர் திரும்பிப் போனார்கள்.

வாங்கினவர்களுக்கும் பிராண்ட் தேர்வு என்று பெரிதாக இல்லை. சாலிடேர், டயனோரா இரண்டும் மெட்ராஸ் கம்பெனி, ஸ்பேர் திருச்சியில் கிடைக்கும், ஆகவே அதை வாங்குங்கள் என்போம். மெக்கானிக்கின் சௌகரியம்தான் வாடிக்கையாளரின் விருப்பமாக ஆனது. இப்போது சொன்னால் என்ன, ஒளிக்க ஒன்றுமில்லை. கூடவே ஸ்டெபிலைசர் கட்டாயம். கிணற்று மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 160 இருக்கும். படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் கைக்குட்டை அளவு நிற்கும். 90 வோல்ட்டிலும் ஓடுகிற எஸ்எம்பிஎஸ் சேஸிஸ் வந்த பிறகுதான் ஸ்டெபிலைசர் வியாபாரம் படுத்தது.

அரியலூர்ப் பக்கத்து டிவிகளின் நோயே தனி. அங்கே சுண்ணாம்புக்கல் பூமி. அரசு சிமென்ட் ஆலை 1979இல் வந்தது, தனியார் ஆலைகளும் அடுத்தடுத்து எழுந்தன. மாதச் சம்பளமும் போனஸும் புழங்கியதால் கலர் டிவி அங்கே சீக்கிரம் நுழைந்தது. ஆனால் கலர் பிக்சர் ட்யூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. அந்த மின்னழுத்தம் காற்றிலிருக்கிற தூசியை எல்லாம் இழுக்கும். கல் லாரி ஓடுகிற சாலையோர வீட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சாம்பல் பூசினாற்போல் இருக்கும். ஐப்பசி ஈரத்தில் அந்தத் தூசி வழியே கரண்ட் கசிந்து, சடசடவென்று நீலப்பொறி பறக்கும். பெயின்ட் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு நாள் முழுக்க அரியலூரில் சுற்றினால் அந்த வாரத்துக் காசு வந்துவிடும். (அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் திரும்பவும் பிரிந்தது. எங்கள் சைக்கிளுக்கு அந்த எல்லை தெரியாது.)

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் ஊர்களில் கதை வேறு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் லீவில் வரும்போது கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், வீடியோ டெக் எல்லாம் முதலில் நாங்கள் தொட்டுப் பார்த்தது அங்கேதான். “தம்பி, பின்னாடி ஸ்க்ரூவை மட்டும் தொலைச்சிராதீங்க, இங்க கெடைக்காது” என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார் பாய். அந்த டெக்குகளும், டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்தவையும் சேர்ந்து, விடிய விடிய மூன்று படம் ஓடுகிற காலம் ஒன்று இருந்தது. டிவியைத் திண்ணையில் வைப்பார்கள். கடைசி வரிசைக்குப் படம் கொசு அளவுதான் தெரியும். வசனம் மட்டும் கேட்டாக வேண்டும் என்பதால் டெக்கின் ஆடியோ வயரை மைக் செட் ஆம்ப்ளிபயரில் செருகிவிடுவோம். ஹோம் தியேட்டர் என்று பின்னால் டப்பாவில் போட்டு விற்றதை எங்கள் தெருக்கள் அப்போதே ஒரு விதமாகச் செய்துவிட்டன.

இனி செட் கட்டின கதை. கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் கொடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்குகிற காலம். 1978இல் வந்த ‘ப்ரியா’ பாட்டுகளின் ஸ்டீரியோவைக் கேட்டவன், இடது பக்கம் ஒரு வாத்தியமும் வலது பக்கம் ஒன்றும் தனித்தனியாகக் கேட்கவில்லையென்றால் காசு தரமாட்டான். 4440 ஐசிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதில் இரண்டு சேனல், சேனலுக்கு 6 வாட். பிரிட்ஜ் போட்டால் ஒரே சேனலாக 19 வாட். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் என்பதால் டிராக்டர் பேட்டரியிலும் பாடும். கொஞ்சம் வசதியானவர்களுக்கு 2030 ஐசி, அதற்கும் மேலே எஸ்டிகே, கோயில் வேலைக்கு 3055 டிரான்சிஸ்டர். டிரான்ஸ்பார்மரில் செப்புக் கம்பியா அலுமினியமா என்பதில்தான் ஏமாற்று நடக்கும். தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், அலுமினியம் எடை குறைவு.

பெட்டிக்குக் காசில்லாதவர்களுக்குப் பானை. ஆறு இஞ்ச் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்தால் அப்படி ஒரு பேஸ் வரும். இது வெறும் கிராமத்துச் சாமர்த்தியம் என்று சிரிக்கிறார்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னால் எதிர் அலை கிளம்புகிறது. இரண்டும் சேர்ந்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பானை பின்னலையை உள்ளே அடைத்துவிடுகிறது. விலை உயர்ந்த பெட்டிகளும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கின்றன. மண்ணுக்குக் கனம் உண்டு, அதிராது. மெல்லிய பலகைப் பெட்டியைவிட என் காதுக்குப் பானை மேல்.

அப்புறம் டவுன் கடைகளில் ‘1000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் இறங்கின. கண் மூடித் திறப்பதற்குள் எட்டுகிற உச்சத்தைக் கணக்குக் காட்டி அச்சடித்த எண் அது; நிலையாக வருவது பத்து, இருபது வாட். அதைச் சொன்னால், “உங்க செட்டு வெறும் நாப்பதுதானே அண்ணே?” என்பார்கள். இரண்டையும் ஒரே பாட்டில் போட்டுக் காட்டினேன். காது ஒத்துக்கொண்டாலும் ஸ்டிக்கர் ஜெயித்தது.

இலவச டிவியைப் பற்றி ஊருக்கு ஒரு கருத்து உண்டு, எனக்கும் உண்டு. 2006 செப்டம்பர் 15இல் தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இஞ்ச் கலர் டிவிகளைத் தமிழக அரசு கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பு வந்தது. படித்தவர்கள் அந்தத் திட்டத்தைப் பழிப்பார்கள். நானோ அடுத்தவர் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு படம் பார்த்து, “போங்கடா” என்று விரட்டப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவன். குடிசைக்குள் டிவி வந்ததும் அந்த ஜன்னல் அவமானம் போனது. எனக்கு அது போதும். சீர் வரிசையில் டிவியின் மவுசும் குறைந்து, அந்த இடத்துக்கு வாஷிங் மெஷின் வந்தது. அரசு டிவியில் ஸ்பீக்கர் சின்னது. ஆகவே டிவி வாங்கின கையோடு செட்டுக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்களும் உண்டு. 2012இல் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது இரண்டுமே சும்மா கிடந்தன.

இப்போது எல்லாம் தட்டை டிவி. 32 இஞ்சுக்கு மேற்பட்டவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கியதும், 43-க்குப் போகலாமா 55-ஆ என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இப்போதுதான் நிஜமாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் படத்தை மட்டும். பெட்டி மெலிந்ததில் ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துக்கொண்டு இருக்கிறது. சுவரில் மோதித் திரும்புகிற குரல் தெளியாது.

போன மாதம் செந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் வந்தார். 55 இஞ்ச் வாங்கியிருக்கிறார். “சீரியல்ல என்ன பேசுறாங்கன்னே புரியலைன்னு அம்மா சண்டை போடுறாங்க அண்ணே. பாட்டுக்கும் சத்தம் பத்தல. அப்பா கட்டின பழைய செட்டு கெடக்கு, அதுல குடுக்கலாமா?”

“குடுக்கலாம். ஆப்டிகல்ல இருந்து எடுக்க ஒரு கன்வெர்ட்டர் போதும். ஆனா அம்மாவுக்குப் பேச்சு கேக்கணும்னா பேஸைக் கொறச்சு, நடுவுல தனியா ஒரு ஸ்பீக்கர் வெக்கணும்.”

“அப்ப பாட்டுக்கு?”

“அந்தப் பலகை ஊறிப் போயிருக்கும். ஸ்பீக்கர் நல்லா இருந்தா பெட்டி மட்டும் புதுசா கட்டிக்கலாம். பதினெட்டு எம்எம் ப்ளைவுட் என்ன வெலைன்னு கேட்டுட்டு வா.”