பச்சைத் தாளில் ஒரு நட்சத்திரம்

எண்பதுகளில் டெல்லியில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரிடம் தட்டச்சராக இருந்தேன். ஐயா மேடையில் முழங்கியதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது நள்ளிரவில் அவர் கேள்விகளைத் திருத்திய பேனாவின் கீறல்தான். "'ஏன்'னு கேட்டா நழுவிடுவாங்கப்பா, 'எத்தனை'ன்னு கேளு" என்பார்.

கேள்வி கேட்கும் இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் சட்டசபையில் கேள்வி கேட்கவே 1892 சட்டம்தான் வழிவிட்டது. பதிலைத் தொடர்ந்து எழுப்பும் துணைக்கேள்வி 1909-இல் வந்தது. அதுவும் மூலக்கேள்வி கேட்டவருக்கு மட்டும். கேள்வியைத் தாண்டி, அரசின் செலவைச் சோதிக்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்குக் கிடைக்க 1967 வரை, மினு மசானி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் கேள்விகளுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலுக்குக் காத்திருப்போம். அவையில் வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்விகள் பச்சைத் தாளில் அச்சாகி வரும். நாளொன்றுக்கு 20 இடம். காலை 11 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரத்தில் மேலே உள்ள சிலவற்றுக்குத்தான் வாய்மொழிப் பதில் கிடைக்கும். மற்றவை எழுத்துப் பதிலாக அவையின் மேஜைக்குப் போய்விடும். அந்தப் பதில்களையும் ஐயா வரி விடாமல் படிப்பார். ஒரு எண் இடித்தால் சிவப்பு மையில் சுழித்து என்னிடம் நீட்டுவார். அதுதான் அடுத்த கேள்வி.