சப்பாத்தியிலிருந்து ஃபார்வர்ட் வரை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு ஒரு சாக்கு வெச்சிருந்தேன். நிஜக் காரணம் வேற. அது பதிவோட நடுவுல வரும்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். கொஞ்சம்னா, 1857 வரைக்கும்.

அந்த வருஷ ஆரம்பத்துல வட இந்தியாவில் ஒரு வினோதம் நடந்தது. ராத்திரி நேரத்துல ஒரு ஊர்க் காவல்காரர் பக்கத்து ஊர்க் காவல்காரர்கிட்ட வந்து சப்பாத்தி கொடுப்பார். "இதே மாதிரி இன்னும் கொஞ்சம் சுட்டு அடுத்த ஊர்களுக்குக் கொடுத்துடு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். வாங்கினவரும் ஏன் எதுக்குன்னு கேக்காம மாவு பிசைஞ்சு, சுட்டு, எடுத்துக்கிட்டுக் கிளம்புவார். ஊர் ஊரா, மாவட்டம் மாவட்டமா சப்பாத்தி ஓடிச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மதுராவில் மாஜிஸ்திரேட்டா இருந்த மார்க் தார்ன்ஹில் விசாரிச்சுப் பார்த்தார். யார் ஆரம்பிச்சது, எதுக்கு ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியல. அதே வருஷம் மே மாசம் மீரட்ல சிப்பாய்கள் கிளர்ந்தாங்க. சப்பாத்திக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு வரலாற்று ஆசிரியர்கள் பக்கம் பக்கமா எழுதியாச்சு.

படிச்சதும் எங்கயோ பார்த்த மாதிரி இருக்குல்ல? ஆமாங்க. "இதை உடனே 10 பேருக்கு அனுப்பவும்"தான். அனுப்பினவன் யாருன்னு தெரியாது, அர்த்தம் தெரியாது, ஆனா அனுப்பியாகணும். நம்ம ஆளுங்க வாட்ஸப் வந்துதான் கெட்டுப் போனாங்கன்னு சொல்றவங்களுக்கு இதுதான் என் பதில். ஃபார்வர்ட் பண்ற புத்தி நமக்குப் பழசு.

ஒரே ஒரு வித்தியாசம்தான். சப்பாத்தியை ஃபார்வர்ட் பண்ணணும்னா மாவு வேணும், அடுப்பு வேணும், இருட்டுல அடுத்த ஊருக்கு நடக்கணும். அந்த நடையில "இதை நாம ஏன் செய்யறோம்?"னு யோசிக்க ஒரு மனுஷனுக்கு நேரம் இருந்துச்சு. யோசிச்சானா இல்லையாங்கறது வேற விஷயம். அந்த நேரத்தை யார், எப்ப, எதுக்காக எடுத்தாங்கங்கறதுதான் இந்தப் பதிவு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2006 செப்டம்பர் 5. ஃபேஸ்புக் 'நியூஸ் ஃபீட்'னு ஒண்ணைக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி நண்பன் என்ன பண்றான்னு தெரியணும்னா அவன் பக்கத்துக்கு நாமளா போய்ப் பார்க்கணும். நம்ம ஆர்குட் ஸ்கிராப் மாதிரிதான், ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டிட்டு உள்ள போற கணக்கு. ஃபீட் வந்ததும் எல்லார் வீட்டுச் சமாச்சாரமும் நம்ம வாசல்ல வந்து கொட்ட ஆரம்பிச்சது. அதை அறிவிச்சு எழுதினவர் அங்க வேலை பார்த்த ருச்சி சாங்வி. புனேக்காரர், ஃபேஸ்புக்கோட முதல் பெண் இஞ்சினியர்.

ஜனங்க கொதிச்சுட்டாங்க. "ஃபீடை எடு"ன்னு ஃபேஸ்புக்லயே ஆரம்பிச்ச ஒரு குரூப்பில் சில நாள்ல 7 லட்சம் பேர் சேர்ந்துட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் குரூப் அவ்வளவு வேகமா பரவினதே ஃபீட் வழியாத்தான்! "உங்க நண்பர் இந்தக் குரூப்பில் சேர்ந்துள்ளார்"னு ஃபீட் எல்லாருக்கும் காட்டிச்சு, அவங்களும் போய்ச் சேர்ந்தாங்க. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, சில தனியுரிமை வசதிகளைச் சேர்த்துட்டு, ஃபீடை மட்டும் வெச்சுக்கிட்டது. ஜனங்க திட்டறாங்களா பாராட்டறாங்களாங்கறது முக்கியமில்ல, பரவுதா இல்லையாங்கறதுதான் முக்கியம்னு ஒரு பாடம் அன்னைக்கே கிடைச்சாச்சு.

அடுத்து 2009. பிப்ரவரியில் ஃபேஸ்புக்ல 'லைக்' பொத்தான். அதுவரைக்கும் "நல்லாருக்கு"ன்னு சொல்றதுக்கே நாலெழுத்து தட்டணும். நவம்பர்ல ட்விட்டர் 'ரீட்வீட்' பொத்தானைக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி அடுத்தவர் ட்வீட்டைப் பகிரணும்னா காப்பி பண்ணி, பேஸ்ட் பண்ணி, முன்னாடி ஆர்.டி.ன்னு போட்டு, 140 எழுத்துக்குள்ள அடங்குதான்னு பார்த்து வெட்டணும். அந்தப் பொத்தானைச் செஞ்ச குழுவுக்குத் தலைமை தாங்கினவர் க்றிஸ் வெதரெல். பழைய பதிவர்களுக்கு அவர் வேற விதத்துல சொந்தக்காரர், கூகுள் ரீடரை உருவாக்கினவர் அவர்தான். (2013 ஜூலையில் ரீடரை இழுத்து மூடின துக்கத்தை இப்ப கிளற வேண்டாம் :-( ) 2019-ல் ஒரு பேட்டியில் ரீட்வீட் பொத்தானைச் செஞ்சதுக்கு அவரே வருத்தப்பட்டார்.

இவங்க யாரும் கெட்டவங்க இல்ல. நானும் ஒரு பொட்டி தட்டறவன்தான், அதனால அந்த மீட்டிங் எப்படி நடந்திருக்கும்னு என்னால கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல முடியும். எங்க தொழில்ல 'ஃப்ரிக்‌ஷன்'ங்கறது கெட்ட வார்த்தை. மூணு க்ளிக்கை ரெண்டாக்கினா கைதட்டல், ஒண்ணாக்கினா அப்ரைசல்ல நல்ல பேர். காரணம் வியாபாரம். ஃபேஸ்புக் நமக்கு எதையும் விக்கல. நம்ம நேரத்தை விளம்பரக்காரங்களுக்கு விக்குது. பகிரறது சுலபமானா பார்க்கறதுக்கு நிறைய சரக்கு, நிறைய சரக்குன்னா நிறைய நேரம், நிறைய நேரம்னா நிறைய விளம்பரம். 2012 மே மாசம் 38 டாலருக்கு ஒரு பங்குன்னு ஃபேஸ்புக் சந்தைக்கு வந்தப்ப, அது விக்க வந்த சரக்கு இதுதான்.

வாட்ஸப் கதை கொஞ்சம் வேற. யாஹூலேருந்து வெளிய வந்த ப்ரையன் ஆக்டனும் ஜான் கூமும் 2009-ல் ஆரம்பிச்சது. விளம்பரமே கூடாதுன்னு கொள்கை வெச்சிருந்தாங்க. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் அதை 1900 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சது. 2016-ல் மூணு விஷயம் அடுத்தடுத்து நடந்தது. குரூப்ல 256 பேர் வரைக்கும் சேரலாம்னு ஆச்சு. ஏப்ரல்ல எல்லா மெசேஜும் என்க்ரிப்ஷனுக்குள்ள போச்சு, அதாவது கம்பெனியே நெனச்சாலும் உள்ள என்ன இருக்குன்னு படிக்க முடியாது. (தார்ன்ஹில் தேடின அந்த 'முதல் சப்பாத்தி' இப்பவும் கிடைக்காது.) செப்டம்பர்ல ஜியோ வந்தது, ஓசி டேட்டா கிராமம் கிராமமா போய்ச் சேர்ந்தது.

அதோட நல்ல பக்கத்தை நானே பார்த்திருக்கேன். 2017 ஜனவரி. நான் இஞ்சினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடறாங்கன்னு ஒரு ஃபார்வர்ட். தலைவர் இல்ல, கட்சி இல்ல, போஸ்டர் இல்ல. போய்ப் பார்த்தா கடலை விடப் பெருசா கூட்டம். சாப்பாடு, தண்ணி, குப்பை பொறுக்க ஆள், எல்லாம் குரூப் வழியாவே நடந்தது. 23-ஆம் தேதி கடைசி நாள் வன்முறையில முடிஞ்சது உண்மை. ஆனா அன்னைக்கே சட்டசபையில சட்டமும் நிறைவேறிச்சு. நாலு செகண்ட்ல ஒரு அரசாங்கத்தை அசைக்கலாம் போலிருக்கேன்னு எனக்கு ஒரு திமிர் வந்தது. ஒத்துக்கறேன்.

இப்ப நான் தள்ளிப் போட்ட பகுதி.

2018 ஏப்ரல் கடைசி. எங்க அத்தை ஒரு மெசேஜ் அனுப்பிச்சாங்க. வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க நம்ம பக்கம் இறங்கியிருக்கு, ஜாக்கிரதைன்னு. கூடவே ஒரு வீடியோ. நான் ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டே பார்த்தேன். நம்பினேனா? அதைக்கூட யோசிக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு அம்மாவுக்கும் ரெண்டு குரூப்புக்கும் தட்டி விட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டேன். எங்க வீடு ஆரணியில். அம்மா அதைத் தெரு குரூப்ல போட்டாங்க.

மே 9-ஆம் தேதி போளூர் பக்கத்துல அத்திமூர் கிராமம். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல வந்த ஒரு குடும்பம் வழி கேக்க வண்டியை நிறுத்தினாங்க. அங்க இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிற கும்பல்னு ஊரே திரண்டு அடிச்சது. 65 வயசு அம்மா ஒருத்தர் செத்துப் போனாங்க. கூட வந்த நாலு பேருக்குப் பலத்த காயம்.

ஆரணிக்கும் போளூருக்கும் எவ்வளவு தூரம்? பஸ்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது.

அன்னைக்கு ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. "ஏன்டா, நீ அனுப்பினியே, அது பொய்யாடா? இஞ்சினியருக்குப் படிக்கிற புள்ள அனுப்பறான், சரியாத்தான் இருக்கும்னு நானும் எல்லாருக்கும் போட்டுட்டேனே"ன்னாங்க. என்னால பதில் சொல்ல முடியல. என் மெசேஜ்தான் அந்த ஊருக்குப் போச்சான்னு தெரியாது. போகலன்னும் சொல்ல முடியாது. அதுதான் இந்த என்க்ரிப்ஷனோட தண்டனை. நான் குற்றவாளின்னு யாரும் நிரூபிக்க முடியாது, நிரபராதின்னு என்னாலயும் நிரூபிக்க முடியாது.

அந்த வருஷம் அது அத்தோட நிக்கல. ஜூன்ல அஸ்ஸாம் கார்பி ஆங்லாங்ல ரெண்டு இளைஞர்கள். அதே மாசக் கடைசியில் திரிபுராவில், வதந்தியை நம்பாதீங்கன்னு மைக் வெச்சு அறிவிக்க அரசாங்கமே அனுப்பின ஆளையே அடிச்சுக் கொன்னாங்க. ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவில் தூலே மாவட்டம் ராயின்பாடாவில் அஞ்சு பேர். ஜூலை 13-ல் கர்நாடகா பீதர் பக்கம் ஹைதராபாத்லேருந்து போன ஒரு சாஃப்ட்வேர் இஞ்சினியர். அங்கயும் சாக்லேட்தான். அந்தச் சமயத்துல நாடு முழுக்கச் சுத்தின ஒரு வீடியோ, பைக்ல வர்ற ரெண்டு பேர் குழந்தையைத் தூக்கிட்டுப் போறது, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டுட்டு அட்டை காட்டுவாங்க. அந்தக் கடைசியை மட்டும் யாரோ வெட்டிட்டாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் போட்டது. வாட்ஸப் பத்திரிகைகள்ல முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாப் பட்டது வேற. அதே ஜூலையில் இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரு தடவைக்கு 5 சேட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு ஆக்கினாங்க. படம், வீடியோ பக்கத்துல இருந்த சின்ன ஃபார்வர்ட் பொத்தானையும் எடுத்துட்டாங்க. 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. ஃபார்வர்டுகள் 25 சதவீதம் குறைஞ்சதா கம்பெனியே சொன்னது. 2020 ஏப்ரல்ல, ஏற்கனவே நிறைய கை மாறி வந்த மெசேஜ்னா ஒரு தடவைக்கு ஒரே ஒரு சேட்டுதான்னு இறுக்கினாங்க. அந்த மாதிரி மெசேஜ்கள் பரவறது 70 சதவீதம் குறைஞ்சதாச் சொன்னாங்க.

கவனிங்க மக்களே. ஜனங்க திடீர்னு புத்திசாலி ஆகல. யாரோட மெசேஜையும் யாரும் படிக்கல, எதையும் தடை பண்ணல. கோடுல ஒரு நம்பரை மாத்தினாங்க, அவ்வளவுதான். அடுப்பைத் திரும்பப் பத்த வெச்சாங்க. ஒவ்வொரு சேட்டுக்கும் தனித்தனியா சப்பாத்தி சுடணும்னா பாதிப் பேர் சுட மாட்டாங்க.

இதுவே முழு மருந்துன்னு நான் சொல்லல. 5 குரூப்புக்கு 256 பேர்னா அப்பவே 1,280 பேர் ஆச்சு. 2020 ஏப்ரல் 16-ல் பால்கர்ல ரெண்டு சாமியாரையும் அவங்க டிரைவரையும் இதே மாதிரி வதந்தியில்தான் கொன்னாங்க. அடிக்கிற கைக்கு வாட்ஸப் தேவையில்ல.

எனக்கு உறுத்தறது இதுதான். 5-ங்கற அந்த நம்பரை முடிவு பண்ணினது பார்லிமென்ட் இல்ல, நாம ஓட்டுப் போட்டு அனுப்பின யாரும் இல்ல. கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி. பரவற வேகத்தைக் கூட்டினதும் அவங்க, குறைச்சதும் அவங்க. நம்மகிட்ட இருந்த ஒரே ஆயுதம் நெட்டையே மொத்தமா நிறுத்தறது. 2011 ஜனவரியில் எகிப்துல முபாரக் அரசு செஞ்சது அது. நம்ம மாநில அரசுகளும் கலவரம்னா அதைத்தான் செய்யுது. அப்படி நிறுத்தினா வதந்தியோட சேர்ந்து மெரினாவும் நின்னு போகும். நடுவுல ஒரு வழி இருக்கு, அது ஒரு சின்ன நம்பர்ல இருக்குன்னு 2018-ல் தெரிஞ்சுபோச்சு. அந்த நம்பரை யார் வைக்கணுங்கற கேள்வியைத்தான் நாம இன்னும் கேக்கல.

நான் வேலைக்குச் சேர்ந்த அப்புறம் ஒரு தடவை, "நிச்சயமா அனுப்பலாமா?"ன்னு கேக்கற ஒரு திரையை எடுத்துடச் சொல்லி ஒரு டிக்கெட் எனக்கு வந்தது. அரை நாள் வேலை. எடுக்கறதுக்கு முன்னாடி மீட்டிங்ல "இது எதுக்கு இருந்துச்சு?"ன்னு கேட்டேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. கடைசியில எடுத்துட்டோம், அதையும் சொல்லிடறேன். ஆனா அதுக்கப்புறம் அந்த மாதிரி டிக்கெட் வரும்போதெல்லாம் கேக்கறதை விடல.

அம்மா இப்பவும் ஃபார்வர்ட் பண்றாங்க, நிறுத்தல. ஆனா பயமுறுத்தற மாதிரி ஏதாவது வந்தா முதல்ல எனக்கு போன் பண்றாங்க. "டேய், இது நெசமாடா?" நான் தேடிப் பார்த்துச் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகும். சில சமயம் ஆணி மும்முரத்துல எரிச்சலா வரும். அப்ப அத்திமூரை நெனச்சுப்பேன்.

"இரும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்."

டிஸ்கி: இந்தப் பதிவு பிடிச்சிருந்தா ஃபார்வர்ட் பண்ணுங்கன்னு சொல்ல மனசு வரல. ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டுங்க, போதும் :-)