பூனைக்காலி விதையும் கணிப்பொறி நடையும்

நடுக்குவாதம் கண்ட முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தாம்பரம் ரயில் நிலையத்தின் அகன்ற நடைமேடையில் தட்டுத்தடுமாறியேனும் நடந்து வந்துவிடுகிறார். வீடு திரும்பியதும் குறுகலான நிலைவாசல் எதிர்ப்படுகிறது. கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுகிறார். காலில் வலு உண்டு, வழியும் உண்டு. பின் தடுப்பது எது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் நம் சென்னைக்கு இருமுறை பங்கு இருக்கிறது.

இந்நோயை 1817-இல் விரித்து எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அதன் மூலகாரணம் அவருக்கு எட்டவில்லை. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை அன்று யாரும் அறியார்.

1957-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ஒரு மருந்தால் அசைவற்றுப்போன விலங்குகளுக்கு எல்-டோபா செலுத்தினார்; அவை மீண்டும் நடமாடின! எல்-டோபா மூளைக்குள் டோபமைன் என்னும் பொருளாக மாறுகிறது. நடுக்குவாத நோயாளரின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னா ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

டோபமைன் அங்கே செய்யும் வேலைதான் என்ன? உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் இதை ஆராய்ந்தார். விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்டால், டோபமைன் நரம்பணுக்கள் சாறு வரும்போது கிளர்ச்சி கொள்வதில்லை. விளக்கைக் கண்டதுமே கிளர்ச்சி கொள்கின்றன. சாறு வராமற்போனால், வரவேண்டிய அதே கணத்தில் அவற்றின் துடிப்பு குறைகிறது. ஆக, இது ஒரு கழித்தல் கணக்கு: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிப்பது. கணிப்பொறிகளுக்கு அனுபவத்தால் கற்கச் சொல்லித்தரும் கணக்கும் இதுவே என்பதை ஷூல்ட்ஸ், டயான், மாண்டேகு மூவரும் 1997-இல் எடுத்துக்காட்டினர்.

இங்கேதான் சென்னை மீண்டும் வருகிறது. தாம்பரத்திலிருந்து மின்ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால் ஐ.ஐ.டி. தொலைவில் இல்லை. அங்குள்ள பேராசிரியர் சீனிவாச சக்கரவர்த்தி, தம் கூட்டாளிகளுடன் 2010-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மூளையின் அடிப்பகுதியிலுள்ள நரம்பு முடிச்சுகள் டோபமைன் குறிப்பைப் பார்த்து 'செய்' என்றோ 'செய்யாதே' என்றோ ஆணையிடுகின்றன என்பர். இவ்விரண்டுக்கும் நடுவே 'தேடிப் பார்' என்ற நிலையும் உண்டு என்பது அவர்கள் கருத்து.

2014-இல் வெளிவந்த ஆய்வில் அவரது குழு, ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் சேர்ந்து, வாசற்படிச் சிக்கலையே கணிப்பொறியில் அமைத்துப் பார்த்தது. கணக்கால் ஆன ஓர் உருவம் வாசலை நோக்கி நடந்தது. டோபமைன் குறிப்பைக் குறுக்கியதும், குறுகிய வாசலருகே அதன் நடை, நோயாளரின் நடை போலவே தளர்ந்தது!

கணக்கு நோயைத் தீர்த்துவிடாது. ஆயினும் மனிதரிடம் செய்து பார்க்க முடியாத மாற்றங்களை அதில் செய்து பார்க்கலாம். நமக்கும் ஒன்றைக் கற்பிக்கிறது: வாசலில் நின்றுவிட்ட பெரியவர் சோம்பலாலோ பிடிவாதத்தாலோ நிற்கவில்லை. அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், கைபிடித்து இழுக்காதீர்கள். தரையில் குறுக்குக்கோடுகள் போட்டுக் கொடுங்கள்; நோயாளர் பலர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகின்றனர். பூனைக்காலி விதையை மட்டும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்துவிடாதீர்கள்.